கோயில் கல்யாணத்த வீடியோ எடுக்கப் போறீங்களா, மொதல்ல சத்தத்தப் பாருங்க

தம்பி கேட்டது இதுதான். சித்தி பொண்ணுக்கு நாசரேத் பக்கம் ஒரு சிஎஸ்ஐ கோயில்ல (சர்ச்சுல) காலைல பத்து மணிக்கு கல்யாணம், சாயங்காலம் பாளையங்கோட்டைல மஹால்ல வரவேற்பு. போட்டோவுக்கு ஆள் பேசியாச்சு, வீடியோ மட்டும் நீ எடுத்துருன்னு வீட்ல சொல்லிட்டாவ. கைல சோனி ஏ7 த்ரீ ஒண்ணு, கூட்டாளிகிட்ட வாங்குன இன்னொரு கேமரா ஒண்ணு. கேமரா ஆடாமப் புடிக்கிற கிம்பல் வாங்கவா, புது லென்ஸ் வாங்கவா?

ரெண்டும் வேண்டாம் தம்பி. அந்தக் காசுல ஒரு நல்ல காலர் மைக்கும் தனியா ஒரு சின்ன ரெக்கார்டரும் வாங்குங்க, இல்ல திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் வாடகைக்கு எடுங்க. ஏன்னா கோயில் கல்யாணம்ங்கது முழுக்க முழுக்க வார்த்தைல நடக்குற கல்யாணம். ஐயர் (பாதிரியார்) கேக்காரு, மாப்பிள சொல்லுதாரு, பொண்ணு சொல்லுது, எல்லாரும் கேக்க பொருத்தனை பண்ணுதாவ, அதுதான் கல்யாணம். அது காதுல விழலன்னா நீங்க எவ்வளவு அழகா ஸ்லோமோஷன் எடுத்தாலும் அந்த வீடியோல கல்யாணம் இல்ல. பத்து வருஷம் கழிச்சு அந்தப் பிள்ளைங்க போட்டுப் பாக்கும்போது மாப்பிள குரல் நடுங்குனது கேக்கணும், பொண்ணு அப்பா பக்கத்துல நின்னு தொண்டைய செருமுனது கேக்கணும்.

நம்ம பக்கத்துக் கோயிலெல்லாம் எப்படிக் கட்டிருக்காவன்னு யோசிச்சுப் பாருங்க. இடையன்குடி கோயில கால்டுவெல் ஐயர் 1847-ல ஆரம்பிச்சு 1880-லதான் பிரதிஷ்டை பண்ணாரு, மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் மட்டும் 192 அடி, பாளையங்கோட்டை ஊசிக்கோபுரக் கோயில் 1826-ல கட்டுனது. உயரமான கூரை, கல்லு, சுண்ணாம்புச் சுவரு, கூர்மையான வளைவு சன்னல். கண்ணுக்கு அவ்வளவு அழகு, ஆனா பேசுற பேச்சு சுவருல மோதி மோதி ஒண்ணுமேல ஒண்ணு விழும். கடைசி பெஞ்சுப் பக்கம் ஸ்டாண்டு போட்டு கேமரா மைக்க நம்பி எடுத்தீங்கன்னா ஐயர் பிரசங்கமே கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரிதான் வரும், மாப்பிள சொல்லுற பதில் சுத்தமா காணாமப் போயிரும்.

அதனால சத்தத்த மூணு எடத்துல புடிங்க. ஒண்ணு மாப்பிள கோட்டுல காலர் மைக். பொண்ணுக்குத் தனியா மாட்ட வேண்டாம், சேலைல மாட்டுறதுக்கு எடமும் கெடையாது, அந்த நேரத்துல பிள்ளையத் தொந்தரவு பண்ணவும் கூடாது. ரெண்டு பேரும் எதிரெதிரா நின்னு வலது கையப் புடிச்சுக்கிட்டு சொல்லும்போது மாப்பிள மைக்லயே பொண்ணு குரலும் நல்லா விழும். மைக்க கோட்டு ஓரத்துல மாட்டாம டை முடிச்சுக்கு கீழ மறைச்சு வைங்க, ஏன்னா மாலை போட்டதும் அந்த சம்பங்கியும் ரோஜாவும் மைக்ல உரசி சரக் சரக்குன்னு கேக்கும், அத சாப்ட்வேர்ல சுத்தமா எடுக்கிறது ரொம்பக் கஷ்டம். ரெண்டாவது, ஐயர் நின்னு வாசிக்கிற எடத்துக்கிட்ட ஒரு சின்ன ரெக்கார்டர், ஜூம் கம்பெனி ரெக்கார்டர் மாதிரி ஏதாவது ஒண்ணு, புது பேட்டரி போட்டு ஆராதனைக்கு முந்தியே ஆன் பண்ணி வச்சிட்டு முடியுற வரைக்கும் தொடாதீங்க. மூணாவது கோயில் ஆம்ப்ளிஃபயர்ல இருந்து ஒரு லைன். அத நேரா கேமராவோட மைக் ஓட்டைல சொருகுனா சத்தம் கிழிஞ்சு வரும், லைன் லெவல் மைக்க விட ரொம்பப் பெருசு, லைன் இன்புட் உள்ள ரெக்கார்டர்லதான் குடுக்கணும். இந்த மூணாவத மட்டும் நம்பாதீங்க, பாதில யாராவது வந்து மைக் வால்யூம கூட்டிக் கொறச்சிட்டுத்தான் இருப்பாவ. டிஜேஐ மைக் 2, ரோட் வயர்லெஸ் ப்ரோ மாதிரி உள்ள செட்டுல ட்ரான்ஸ்மிட்டருக்குள்ளயே 32 பிட் ஃப்ளோட்டுல பதிவாகும், அது கெடைச்சா ரொம்ப நல்லது, லெவல் ஏறி உடைஞ்சிருமேங்கற பயம் பெருசா இல்ல, ஒயர்லெஸ் விட்டுப் போனாலும் உள்ள பதிவு இருக்கும்.

சில ஊர்ல தாலி கட்டும்போது கோயில் மணி அடிப்பாவ, அத மனசுல வச்சு லெவல கொஞ்சம் கம்மியாவே வைங்க.

இப்போ ஐயர் விஷயம். வீடியோக்காரங்க மேல நம்ம சேகரத்து ஐயர்மாருக்கு வருத்தம் இருக்கு, அந்த வருத்தம் நியாயம்தான். நடக்குறது ஒரு ஆராதனை, ஆல்டர் (பீடம்) முன்னால ஏறி நின்னுக்கிட்டு ஐயருக்கும் மாப்பிளைக்கும் நடுவுல கேமராவ நீட்டுறது, ஜெபம் நடக்கும்போது பளிச் பளிச்சுன்னு லைட்டு அடிக்கிறது, தாலிய தூக்கிக் காட்டுங்க ஐயரே இன்னொரு தடவன்னு கேக்குறது, இதெல்லாம் செய்யக் கூடாத காரியம். கல்யாணத்துக்கு முந்தி மூணு ஞாயித்துக்கெழம ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிப்பாவல்ல, அதுல ஒரு ஞாயிறு நீங்களும் அந்தக் கோயிலுக்குப் போங்க. ஆராதனை முடிஞ்சதும் ஐயரப் பாத்து, பொண்ணு வீட்டு ஆள்னு சொல்லி, எங்க நிக்கலாம் எங்க நிக்கக் கூடாதுன்னு நீங்களே முந்திக் கேட்டுருங்க. கேக்குறவங்களுக்கு எந்த ஐயரும் எடம் குடுக்காம இருந்ததில்ல. அப்படியே கோயில் வேலை பாக்குறவர் கிட்ட எந்தக் கதவு தொறக்கும், பிளக் பாயிண்ட் எங்க, மாடிப்படி சாவி யாருகிட்டன்னு விசாரிச்சு வைங்க, அன்னைக்கு உங்களுக்கு ஐயர விட அவருதான் ஒதவுவாரு. பெறகு பத்து மணி வரைக்கும் உள்ளயே இருந்து வெளிச்சத்தப் பாருங்க, அதே நேரத்துலதான கல்யாணமும் நடக்கும்.

அந்த வெளிச்சம் ஒரு பெரிய விஷயம் பாத்துக்கிடுங்க. பழைய கோயில்ல பெரும்பாலும் ஆல்டர் கெழக்குப் பாத்துதான் இருக்கும், பின்னாடி பெரிய சன்னல், சில எடத்துல கலர் கண்ணாடி. காலை வெயில் அதுவழியா நேரா உங்க லென்ஸுக்குள்ள வரும். ஆட்டோல விட்டா சன்னல் அழகா இருக்கும், மாப்பிள பொண்ணு ரெண்டு பேரும் நிழலா நிப்பாவ. எக்ஸ்போஷர மேனுவல்ல வச்சு மொகத்துக்கு அளந்துக்கிடுங்க, சன்னல் வெளுத்துப் போனா போகட்டும். ஆனா பொண்ணு வெள்ளச் சேல, மாப்பிள கருப்புக் கோட்டு, இது ரெண்டும் ஒரே ஃப்ரேம்ல இருக்கும்போது வெள்ளச் சேலைல உள்ள ஜரிகை வேலப்பாடு வெளுத்துறாம, வெளுக்குற எடத்துல கோடு காட்டுற ஜீப்ராவப் போட்டுப் பாத்துக்கிட்டே இருங்க. ஒயிட் பேலன்ஸும் ஆட்டோல விடாதீங்க, கேமரா திரும்பத் திரும்ப சேல ஒரு ஷாட்ல நீலம் ஒரு ஷாட்ல மஞ்சள்னு வரும்.

அடுத்தது ஃபேன். உயரக் கூரைலேருந்து நீளக் கம்பில தொங்குற ஃபேன், அதுக்கு மேல டியூப் லைட்டு, ஃபேன் சுத்த சுத்த ஆளு மொகத்துல நிழல் துடிச்சுக்கிட்டே இருக்கும். கண்ணுக்கு அவ்வளவாத் தெரியாது, வீடியோல நல்லாத் தெரியும். ஆல்டருக்கு நேர் மேல உள்ள ஒரு ஃபேன மட்டும் ஆராதனை நேரத்துல நிறுத்த முடியுமான்னு அந்த ஞாயித்துக்கெழமயே கேட்டு வைங்க, வேக்காட்டுல எல்லா ஃபேனையும் நிறுத்தச் சொல்றது பாவம். அதோட நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதனால கேமராவ பால் (PAL) மோடுல போட்டு 25 ஃப்ரேம், ஷட்டர் 50-ல ஒண்ணு. ஏ7 த்ரீல 4கே 30 ஃப்ரேம் வச்சா படம் 1.2 மடங்கு வெட்டிட்டு வேற வரும், 25-ல முழு ஃப்ரேமும் கெடைக்கும், அந்த வகைலயும் லாபம்தான். 30 ஃப்ரேம் கணக்குல ஓடுற என்டிஎஸ்சி (NTSC) மோடுல இருந்து பாலுக்கு மாத்துனா கார்டை ஃபார்மேட் பண்ண வேண்டி வரும், முந்துன நாளே மாத்திருங்க. உங்க கேமராவுல வீடியோ ஒரே ஓட்டமா 29 நிமிஷம்தான் ஓடும், பெறகு தானா நின்னுரும். ஆராதனை, பிரசங்கத்தோட சேத்து ஒரு மணி நேரத்துக்கு மேலயே போகும், அதனால ஒவ்வொரு பாட்டு நடக்கும்போதும் ஒரு கேமராவ நிறுத்தி உடனே மறுபடி ஓட விடுங்க, அடுத்த பாட்டுக்கு இன்னொண்ண. ரெண்டையும் ஒரே நேரத்துல நிறுத்தாதீங்க. 100 எம்பிபிஎஸ்ல எடுத்தா மணிக்கு 45 ஜிபி ஆகும், நாள் முழுக்க கணக்குப் போட்டு கார்டு வாங்குங்க, ரெண்டு ஸ்லாட்லயும் ஒரே நேரத்துல பதியுற மாதிரி வச்சிருங்க.

எங்க நிக்கணும்? இதுலதான் பல பேரு கோட்ட விடுதாவ. மாப்பிள பொண்ணு ஐயரப் பாத்து நிக்கும், சபைக்கு முதுகு. நடுவழில பின்னாடி நின்னா ஒரு மணி நேரமும் முதுகுதான் கெடைக்கும், ஆனா அந்த கேமராவும் வேணும், ஊர்வலமா உள்ள வர்றதுக்கும் வெளிய போறதுக்கும் அதுதான். அத ஸ்டாண்டுல போட்டு தம்பி தங்கச்சி யாரையாவது ஒக்கார வைங்க. நீங்க பாடகர் குழு பக்கமோ பிரசங்க மேடை பக்கமோ, ஐயருக்குக் கொஞ்சம் தள்ளிச் சாய்வா, தூரத்துல உள்ளத கிட்டக் காட்டுற 70-200 லென்ஸ் போட்டு ஒரே எடத்துல நில்லுங்க. அங்கன இருந்து ரெண்டு மொகமும் தெரியும். மாப்பிள தங்கச்சி, மயினி, பொண்ணுத் தோழி எல்லாரும் எந்தப் பக்கம் நிப்பாவன்னு முந்தியே தெரிஞ்சுக்கிட்டு அதுக்கு எதிர்ப் பக்கம் புடிங்க.

தாலி கட்டுற நேரத்தப் பத்தித் தனியாச் சொல்லணும். ஐயர் தட்டுல இருக்க தாலிய எடுத்து ஜெபம் பண்ணுவாரு, எல்லாரும் தலை குனிஞ்சிருப்பாவ, அப்பவே ஃபோகஸ பொண்ணு கழுத்துப் பக்கம் கொண்டு வந்திருங்க. ஜெபம் முடிஞ்சு ஆமென் சொன்ன உடனே எல்லாம் ஒண்ணா நடக்கும். மாப்பிள கைல தாலிய வாங்குவாரு, பின்னாடி இருந்து நாத்தனா தலைல கெடக்குற நெட்ட (வலைத் துணிய) ஒரு கையால தூக்கிப் புடிப்பா, இன்னொரு கையால பின்னல ஒதுக்குவா, மல்லிப்பூ ரெண்டு உதிரும், மாப்பிள கழுத்தச் சுத்திக் கையக் கொண்டு போய் கொக்கியத் தேடுவாரு, செயின் தாலின்னா அந்தக் கொக்கி ஒரு தடவைல மாட்டவே மாட்டாது, மஞ்சக் கயிறுன்னா ஒரு முடிச்சு அவரு போட மிச்சத்த நாத்தனா போடுவா. பொண்ணு கண்ண மூடிருக்கும் இல்லன்னா அம்மாவத் தேடும். இதுக்கெல்லாம் மொத்தம் அரை நிமிஷம் ஆகலாம். அந்த அரை நிமிஷமும் ஜூம் உள்ள போறது வெளிய வர்றது எதுவும் வேண்டாம், மொகமும் கையும் சேந்து தெரியுற மாதிரி ஒரு ஃப்ரேம் வச்சிட்டு மூச்சப் புடிச்சு அப்படியே நில்லுங்க. அந்த நேரம் பின் கேமராகாரன் பொண்ணோட அம்மா அப்பா ஒக்காந்துருக்க மொத பெஞ்சுப் பக்கம் கேமராவத் திருப்பணும், அத முந்தியே சொல்லி வைங்க, அவன் தாலியப் பாத்துட்டு நின்னுருவான். போட்டோக்காரர் கிட்டயும் காலைலயே பேசி, அண்ணே அந்த நேரம் நீங்க இடது பக்கம் நான் வலது பக்கம்னு முடிவு பண்ணிருங்க, அவரு உங்க எதிரி இல்ல, ஆனா பேசலன்னா அவரு முதுகுதான் உங்க வீடியோல தாலி கட்டும்.

கையெழுத்துப் போடுறதும் முக்கியம். 1872 கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி ஐயர் போக ரெண்டு சாட்சியாவது இருக்கணும், பெரும்பாலும் தாய்மாமனோ பெரியப்பாவோதான் நிப்பாவ, அவங்களுக்கு அது பெருமையான நேரம், அவங்க பேனா புடிச்ச கையும் மொகமும் ஒரு ஷாட் எடுங்க. ரிஜிஸ்டர் பக்கத்த மட்டும் படிக்கிற அளவுக்கு கிட்டத்துல காட்டாதீங்க, வயசு விலாசமெல்லாம் இருக்கும், வீடியோ நாளைக்கு யாரு போன்ல எல்லாம் சுத்துமோ.

கத்தோலிக்கக் கோயில்னா கொஞ்சம் வேற. மணப்பாடு, வடக்கன்குளம் பக்கமெல்லாம் கல்யாணத்தோட திருப்பூசையும் சேந்து நடக்கும், தாலியோட மோதிரமும் உண்டு. நடுப்பூசை (அப்பத்தையும் ரசத்தையும் தூக்கி ஜெபிக்கிற) நேரத்துல ஒரு அடி கூட நகராதீங்க, கேமராவ ஓட விட்டுட்டு முழங்கால் போட்டுருங்க. மணப்பாட்டுல கோயிலே கடலோர மேட்டுல இருக்கு, காத்து லென்ஸ்ல உப்ப பூசிட்டுப் போகும், துடைக்கத் துணி பாக்கெட்லயே இருக்கட்டும்.

காத்துன்னு சொன்னதும் ஞாபகம் வருது, ஆனி ஆடி ஆவணில கல்யாணம்னா வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்ல இருந்து வர்ற காத்து மைக்க ஒரு வழி பண்ணிரும், பொண்ணு தலைல உள்ள நெட்டயும் தூக்கிட்டுப் போயிரும். வெளிய எடுக்கிறதுக்கெல்லாம் மைக்குக்கு முடி வச்ச உறை மாட்டுங்க, ரெண்டு பேரையும் கோயில் சுவரு ஓரமா நிப்பாட்டுங்க. ட்ரோன் எடுக்கணும்னா 2021 ட்ரோன் விதிப்படி டிஜிட்டல் ஸ்கை மேப்ல எடத்தப் பாத்துட்டுத்தான், அணு உலை உள்ள கூடங்குளமும் இஸ்ரோ மையம் உள்ள மகேந்திரகிரியும் இருக்க பக்கம் இது. என்னக் கேட்டா ட்ரோனே தேவையில்ல, கோபுரம் முழுசும் வேணும்னா ரோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிப் போய் நின்னாலே கெடைக்கும்.

பொண்ணு வீட்டுல இருந்து கெளம்பும்போது ஒரு ஜெபம் நடக்கும், பொண்ணு நடு வீட்ல முழங்கால்ல இருக்க ஆச்சி தாத்தா தலைல கைய வச்சு ஜெபிப்பாவ. மேக்கப் பண்ணுற வீடியோவ பாதியாக் கொறச்சிட்டு இதுக்கு கண்டிப்பா நில்லுங்க. பெரும்பாலான கல்யாண வீடியோவுல இது இருக்காது, ஆனா வீட்டாளுங்க திரும்பத் திரும்ப போட்டுப் பாக்குறது இதத்தான். பேண்டு செட்டு வச்சு கோயிலுக்கு நடந்து போறாவன்னா கோயில் வாசல்ல முந்திப் போய் நின்னு, வாத்தியச் சத்தம் தூரத்துல இருந்து கிட்ட வர்றத ஒரே ஷாட்டா எடுங்க.

வெளிநாட்ல இருக்க சொந்தக்காரங்களுக்கு லைவ் போடச் சொல்லுவாவ. யூடியூப்ல மொத தடவ லைவ் ஆன் பண்ணுனா 24 மணி நேரம் வர காத்திருக்க வைக்கும், அதனால ரெண்டு நாளைக்கு முந்தியே பண்ணிருங்க. தேரிக்காட்டுப் பக்கம் சிக்னல் எந்த சிம்முல இழுக்குதுன்னும் அங்கயே வச்சுப் பாருங்க. லைவுக்குத் தனி போன், தனி ஆள். உங்க கேமராவுல அத மாட்டாதீங்க.

வரவேற்பு லேசு, ஆனா வெளிச்சம்தான் கஷ்டம். மேடைக்குப் பின்னால எல்இடி ஸ்கிரீன் வச்சிருந்தா வீடியோல கோடு கோடா ஓடும், ஷட்டர கொஞ்சம் கொஞ்சமா மாத்திப் பாத்து கோடு நிக்கிற எடத்துல வைங்க. ஊதா லைட்டும் பச்ச லைட்டும் பொண்ணு மொகத்துல அடிச்சா எந்த கலர் கரெக்ஷனும் காப்பாத்தாது, லைட்டு போடுற தம்பிகிட்ட தன்மையா சொல்லி முன்னால ரெண்டு சாதா வெள்ள லைட்டு மட்டும் விடச் சொல்லுங்க. பொண்ணு வெள்ளச் சேல மாத்தி பட்டுக் கட்டிட்டு வர எப்படியும் ஒரு மணி நேரமாவது ஆகும், அந்த நேரத்துல பெரியவங்கள எடுங்க. ஒவ்வொரு பெரியப்பா, அத்தை, தாத்தா ஆச்சிகிட்டயும் போய் ரெண்டு வார்த்த வாழ்த்து சொல்லச் சொல்லி அதே காலர் மைக்கப் புடிச்சு பதிவு பண்ணுங்க. மேடைல வரிசைல வந்து கவரக் குடுத்துட்டு சிரிக்கிறது எல்லாம் போட்டோல இருக்கும், வீடியோல அது அஞ்சு நிமிஷம் போதும். ஐயர் ஜெபம், கேக் வெட்டுறது, வாழ்த்துரை, வாழ்த்து மடல் வாசிக்கிறது இதெல்லாம் முழுசா வேணும், அதுல மாமா ஒருத்தர் பொண்ணு சின்னப் பிள்ளைல பண்ண சேட்டையச் சொல்லுவாரு பாருங்க, அப்போ கேமரா மாமா மேல இல்ல, பொண்ணு மேல இருக்கணும்.

சுருள் குடுக்கும்போது ரூவாய ஜூம் பண்ணாதீங்க, மொய் நோட்டையும் காட்டாதீங்க, கூடுனவரு கொறஞ்சவருன்னு யாரும் அந்த வீடியோவ வச்சுப் பேசிரக் கூடாது. பந்திலயும் வாய்ல சோறு வைக்கிற மொகத்த எடுக்க வேண்டாம், இலை போடுறது, பரிமாறுறவங்க கை, ஜெபம் முடிஞ்சு ஒரே நேரத்துல எல்லாரும் சாப்பிடத் தொடங்குறது, அது போதும். கடைசில பொண்ணக் கையப் புடிச்சுக் குடுத்து அனுப்பும்போது அழுகை வரும், அங்க கிட்டப் போகாதீங்க, தூரத்துல நின்னு 200-ல எடுங்க. காரு கதவு சாத்துன பெறகும் பொண்ணோட அப்பா மேல கேமராவ விட்டுட்டு நில்லுங்க.

ராத்திரி வீட்டுக்குப் போனதும் தூங்குறதுக்கு முந்தி எல்லா கார்டையும் ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல ஏத்திருங்க, ரெண்டாவது டிஸ்க் சித்தி வீட்ல இருக்கட்டும். எடிட்ல பத்து நிமிஷத்துக்கு ஒரு சுருக்கம் பண்ணுங்க, அது வாட்ஸ்அப்புக்கு. அது போக ஆராதனைய வெட்டாம பாட்டு, பிரசங்கம், ஜெபம் எல்லாத்தோடயும் முழுசாத் தனியா குடுங்க, பின்னாடி சினிமா மியூசிக் போடாதீங்க, பாமாலையும் கீர்த்தனையும் பாடுன சத்தமே போதும். பென் டிரைவ்ல குடுக்கிறது 1080-ல எச்.264-ஆ இருக்கட்டும், ஆச்சி வீட்டுப் பழைய டிவில மத்தது ஓடாது. பென் டிரைவ் ஃபேட்32-ல இருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா ஏறாது, ரெண்டு மூணு பாகமாப் பிரிச்சு ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டுக் குடுத்துருங்க.